ஐப்பசியில் ஒட்டிய மணை

பட்டறையின் பின்பக்கம் இருக்கும் உலர் அறையைப் பற்றி என்னிடம் தொழில் கற்ற நீங்கள் மூன்று பேரும் முணுமுணுப்பது என் காதுக்கும் வந்தது. ஃபேன் கிடையாது, கதவைத் திறந்து வைக்கக் கூடாது, அரை மணி நேரம் உள்ளே இருந்தால் உதடு காய்ந்து வெடிக்கிறது என்கிறீர்களாம். வாஸ்தவம்தான். ஈரத்தை உறிஞ்சும் அந்த இயந்திரம் மரத்துக்காக ஓடுகிறது, உங்களுக்காக அல்ல. நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தாயிற்று. இனி அந்த அறையைப் பூட்டுவதும் திறப்பதும் உங்கள் பாடு. ஆனால் அது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு பூட்டுங்கள்.

எங்கள் காலத்தில் அந்த அறை இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் ஒட்டு வேலை கிடையாது. அந்த நாட்களில் வாத்தியக் கழுத்து செதுக்குவோம், பழைய கருவிகளுக்கு மெருகேற்றுவோம், ரம்பம் தீட்டுவோம். பசைப் புட்டியை மட்டும் தொடமாட்டோம். மழைக்காலத்தில் இரண்டு மில்லிமீட்டர் பலகை காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் குடித்து உப்பிவிடும். உப்பிய பலகையைச் சட்டத்தில் ஒட்டிவிட்டால், பின்னால் காய்ந்த இடத்துக்குப் போகும்போது அது சுருங்கப் பார்க்கும். நாலு பக்கமும் பசை பிடித்துக்கொண்டிருப்பதால் சுருங்க முடியாமல் வெடிக்கும். இது தெரியாதவன் யுகுலேலே என்கிற நாலு கம்பிக் குட்டிக் கிட்டாரைச் செய்யக் கூடாது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

நான் பரம்பரைத் தச்சன் இல்லை. திருவெறும்பூர் பக்கம் ஒரு ஃபவுண்டரியில், பேட்டர்ன் ஷாப்பில், உலோகத்தில் வார்க்க வேண்டிய சாமான்களுக்கு மரத்தில் முன்மாதிரி செதுக்கிக்கொண்டிருந்தவன். அந்த ஷாப்பை மூடியபோது கையில் உளியும் வேலையில்லாத பொழுதும் மிஞ்சின. யாரோ ஒரு பையன் உடைந்த யுகுலேலே ஒன்றைக் கொண்டுவந்து, “இதைச் சரி பண்ணித் தருவீங்களா?” என்றான். அப்படித்தான் ஆரம்பம். பூவரசிலும் தூங்குமூஞ்சியிலும் மாமரத்திலும் கடல் தாண்டி, யுகுலேலே பிறந்த தீவுக்காரர்களே அதைச் செய்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர் ரோட்டோரத்தில் நிற்கிற மரங்கள்தானே எல்லாம்!

பிறகு ஜனங்கள் தங்கள் வீட்டு மரத்தைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். கட்டில் சட்டம், ஊஞ்சல் பலகை, புயலில் விழுந்த வாகை. மணப்பாறையிலிருந்து ஒருவர் மாட்டுவண்டி நுகத்தடியோடு வந்து இறங்கினார். அதற்குள் எந்தக் காலத்திலோ அடித்த ஆணி இருந்து, என் புது ரம்பத்தின் பல்லைப் பேர்த்துவிட்டது. ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு, “இதையும் உள்ளே எங்கயாவது வெச்சுடுங்க, எங்கப்பா அடிச்சது” என்றார் அவர். ரம்பம் போன கோபத்தில் அவரைச் சத்தம் போட்டேன். அவரோ சிரித்துக்கொண்டே நின்றார். வீட்டு மரம் கொண்டுவருகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்வதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அவர்களுக்கு வேண்டியது வாத்தியம் மட்டும் அல்ல.

அந்த வருஷம் ஐப்பசி முதல் வாரம். மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெரியவர் இரண்டு பஸ் மாறி வந்தார். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். நெற்றியில் மழையில் கரைந்த திருமண், கக்கத்தில் பழைய வேஷ்டியில் சுற்றிய ஒரு மூட்டை. பிரித்தால் உள்ளே ஒரு மணை. கல்யாணத்தில் பெண்ணையும் பிள்ளையையும் உட்கார வைக்கிற பலகை. ஓரத்தில் காவிப் பட்டை, நடுவில் தேய்ந்துபோன தாமரைக் கோலம். நல்ல முற்றிய பலா.

“இதுல அந்த யுகுலேலே பண்ண முடியுமா?” என்று கேட்டார்.

விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். கணீரென்று இருந்தது. ஓரத்தில் இழைப்புளியை ஒரு தரம் ஓட்டினேன். நெய்யில் வறுத்த முந்திரியின் நிறம் வந்தது. எத்தனையோ வருஷம் வீட்டுக்குள்ளேயே கிடந்து பக்குவப்பட்ட மரம். எனக்கு அப்போதே ஆசை பிடித்துவிட்டது.

“யாருக்கு சார்?” என்றேன்.

“பொண்ணுக்கு. வேதான்னு பேரு. கனடாவுல இருக்கா.” பிரித்த வேஷ்டியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். “எனக்கும் ஆத்துக்காரிக்கும் கல்யாணத்துல போட்ட மணை இது. அவ போய் பன்னெண்டு வருஷம் ஆச்சு. பொண்ணு கல்யாணத்துக்குன்னு எடுத்து வெச்சிருந்தோம். அவ ஒரு கிறிஸ்தவப் பையனை ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிண்டா. நான் போகலை. அதுக்கப்புறம் பேசவும் இல்லை. ஆறு வருஷம்.”

“இப்ப?”

“ஃபோன்ல வீடியோ போடறா. சின்னதா ஒரு கிட்டார் வெச்சுண்டு குழந்தைக்குப் பாடறா. பக்கத்தாத்துப் பையன் எனக்குக் காட்டிக் குடுத்தான். தெனமும் பார்க்கறேன், அவளுக்குத் தெரியாது.” மணையைத் தடவிக்கொண்டே சொன்னார். “இதுல அவ ஒக்காரலை. வாசிக்கவாவது செய்யட்டுமே.”

கார்த்திகைக் கடைசியில் அவருக்கு பைபாஸ் ஆபரேஷன். தேதி குறித்தாகிவிட்டது. அதற்குள் யுகுலேலே மகள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பார்த்துவிட்டு அவளாக ஃபோன் செய்தால், பேசிவிட்டு ஆபரேஷனுக்குப் போவார். அதுதான் அவர் கணக்கு.

“நீங்களே கூப்பிடலாமே சார்?”

“நம்பரை எடுத்து வெச்சுக்கறேன். அமுக்கறதுக்குக் கை வரமாட்டேங்கறது.” பிறகு விரலை நீட்டிக் கண்டிப்பாகச் சொன்னார். “ஆபரேஷன் விஷயம் அவ காதுக்குப் போகப்படாது. பயந்துண்டு கூப்பிடறது எனக்கு வேண்டாம். ஆசைப்பட்டுக் கூப்பிடணும்.”

ஆயுசு முழுக்க ஊரார் கடிதத்தையெல்லாம் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர். சொந்த மகளுக்கு நாலு வரி எழுத முடியாமல் என் முன்னால் நின்றார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. ஆனால் எனக்கும் இரண்டு பெண்கள். அவரைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியவில்லை.

‘மார்கழி பிறக்கட்டும் சார், அப்புறம் ஒட்டுகிறேன்’ என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அல்லது, ‘ஈரக் காலத்தில் ஒட்டினால் வெடிக்கலாம், சம்மதமா?’ என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. “முடிச்சுத் தர்றேன் சார், தைரியமா போங்க” என்றேன்.

காதர் பாயை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். மெருகு வேலை அவருடையது. பட்டறையில் என் கூடவே பதினைந்து வருஷம் இருந்தவர், என்னை எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே ஆள். பெரியவர் போனதும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“அண்ணே, ஐப்பசியில ஒட்டுறதில்லைன்னு சட்டம் போட்டது நீங்கதானே?”

“பல்பு போட்டுப் பொட்டியில வெச்சு காய வெச்சுக்கலாம் பாய்.”

“காய வெக்கலாம். வெளிய எடுத்து ஒட்டுறதுக்குள்ள திரும்பவும் குடிச்சிரும். அது போற ஊரு என்ன ஊரு? வெளிய பனி, உள்ள ஹீட்டரு. அப்பளம் மாதிரி காய்ஞ்சிரும்ணே.”

“ஆபரேஷனுக்குப் போற மனுஷன்கிட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்றது?”

“முடியாதுன்னு சொல்ல வேணாம். இப்படி ஆகலாம்னு சொல்லுங்க. அவுக யோசிச்சுக்கிடட்டும்.”

நான் கேட்கவில்லை. இரக்கம் என்று சொல்லிக்கொண்டேன். பாதிதான் இரக்கம். மீதி, அந்த மரத்தை விட மனசில்லாத பேராசை. தொழிலில் இரக்கமும் ஆசையும் ஒரே பக்கம் இழுத்தால், கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு யோசியுங்கள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். எனக்கு நுழைந்தது, வெளியே எடுக்கத்தான் முடியவில்லை.

வேலை நன்றாகவே வந்தது, அதை மறைக்க மாட்டேன். மணையை இரண்டாகப் பிளந்து புத்தகம் போல விரித்தபோது இரண்டு பக்கமும் ரேகைகள் கண்ணாடியில் பார்த்தது மாதிரி பொருந்தின. பின்பலகையில் அந்தக் காவிப் பட்டையில் ஒரு விரல்கடை அகலம் அப்படியே விட்டுவைத்தேன். பெரியவர் வாரம் ஒருமுறை வந்து பார்ப்பார். எதையும் தொடமாட்டார். கடைசி வாரம், உள்ளே ஒட்டும் சீட்டில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். அடுத்த நாள் வந்து சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் மறுபடி இரண்டு பஸ் மாறி வந்து, “மணைன்னு மட்டும் எழுதுங்கோ. அவளுக்குப் புரியும்” என்றார்.

பெட்டிக்குள் ஒரு குறிப்பும் வைக்க வேண்டும். ஹீட்டர் பக்கத்தில் மாட்டக் கூடாது, முதல் சில மாதம் உறைக்குள் ஈரப் பஞ்சு வைக்க வேண்டும் என்று நாலு வரி. பாய் இரண்டு தரம் ஞாபகப்படுத்தினார். நான் எழுதவில்லை. எழுதினால், ஈரத்தில் ஒட்டினேன் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும் என்று தோன்றியது. நாலு வரிதான். நாலே நாலு வரி!

“என் டிபார்ட்மெண்ட்லயே அனுப்புங்கோ” என்றார் பெரியவர். ஸ்பீட் போஸ்டில் அனுப்பினோம். ஆபரேஷனுக்கு ஆறு நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலையே அவர் பட்டறைக்கு வந்துவிட்டார். வீட்டில் தனியாக உட்கார்ந்து ஃபோனைப் பார்க்க முடியவில்லையாம். வாசல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். “டெலிவர்டுன்னு போட்டிருக்கே” என்று ஒரு பத்து தரமாவது சொல்லியிருப்பார். ஃபோன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வந்தார். அன்றும் வரவில்லை.

மூன்றாம் நாள் மதியம், பட்டறை ஃபோனில் ஒரு செய்தி வந்தது. பார்சலில் எங்கள் நம்பர் இருந்ததால் மகள் எங்களுக்கு எழுதியிருந்தாள். ஒரு படமும் இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பலகையில் கம்பி கட்டும் கட்டையிலிருந்து அடி வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு. வெடித்திருந்தது.

அவள் எழுதியது இவ்வளவுதான்: ‘பெட்டியைத் திறந்து உள்ளே எழுதியிருந்ததைப் பார்த்து ரொம்ப நேரம் அழுதேன். அப்போது உங்களுக்கு அங்கே நடு ராத்திரி என்பதால், விடிந்ததும் அப்பாவைக் கூப்பிடலாம் என்று ஹாலில் மாட்டிவைத்தேன். காலையில் இப்படி ஆகியிருந்தது. நான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன். தயவுசெய்து அப்பாவுக்குச் சொல்லாதீர்கள். எப்படிச் சரி செய்வது என்று சொல்லுங்கள். சரி செய்து, அதில் வாசித்துக் காட்டிக்கொண்டே அவரைக் கூப்பிடுகிறேன். உடைந்த மணையை வைத்துக்கொண்டு அவரிடம் என்னவென்று பேசுவது?’

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பத்தடி தூரத்தில் பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து, ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டார். குரலைத் தணித்து, “கூப்பிட்டுக் காட்டுங்கண்ணே” என்றார்.

“சொல்லாதீங்கன்னு அந்தப் பொண்ணு எழுதியிருக்கே பாய்.”

“அந்தப் புள்ளைக்கு ஆபரேஷன் விஷயம் தெரியாது. தெரிஞ்சா அப்படி எழுதுமா?”

“அதைச் சொல்லக் கூடாதுன்னு இவரு கேட்டிருக்காரே.”

“ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் வாயக் கட்டிட்டாக. அவுக்குறது நம்ம கையிலதான் இருக்கு. அப்பாவும் புள்ளையும் நாலு நாளு கழிச்சுப் பேசிக்கிறதுக்கு இது என்ன தீவாளிப் பலகாரமா?”

ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். இருவர் கேட்டுக்கொண்டதையும் மதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு கௌரவமான காரணம், பாருங்கள். உண்மை வேறு. படத்தைக் காட்டினால் ‘ஏன் வெடித்தது?’ என்று பெரியவர் கேட்பார். நான்தான் காரணம் என்று சொல்ல வேண்டும். இன்னும் மூன்று நாளில் மார்பைத் திறக்கப்போகிற ஒருவரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் திராணி இல்லை. வேறு ஒன்றும் இல்லை.

அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதினேன். நாலு நாள் ஈரப் பஞ்சோடு உறையில் மூடி வைக்க வேண்டும், விரிசல் தானாக நெருங்கி வரும், அப்புறம் இந்தப் பசையை இப்படி இறக்க வேண்டும் என்று வரி வரியாக, சுத்தமாக எழுதினேன். தப்பு அவளுடையது இல்லை என்றுகூட எழுதவில்லை.

பெரியவர் எழுந்து வந்தார். “ஏதாவது தகவல் உண்டா?”

“இல்ல சார்.”

“மணையைப் போய் அறுத்துட்டானே கிழவன்னு நெனச்சுட்டாளோ என்னமோ.” குடையை எடுத்துக்கொண்டார். “பரவால்லை. உங்க வேலையில ஒரு குறையும் இல்லை. அழகாப் பண்ணிக் குடுத்தேள்.”

அதைக் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அவர் வரவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார். போய்ப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று அன்று முழுதும் நினைத்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பினேன். இதய நோயாளியிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்று ஒரு புதுக் காரணம் கிடைத்திருந்தது. காரணங்களுக்கு என்ன பஞ்சம்? ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் ஐ.சி.யூ.விலேயே போய்விட்டார்.

செய்தியைச் சொன்னவர் பாய்தான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மெருகுத் துணியை மடித்துவைத்தார். அதற்குப் பிறகும் அவர் என்னோடு நாலு வருஷம் வேலை பார்த்தார். அந்த விஷயத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அடுத்த மாதமே உலர் அறை கட்டினேன். இனி எந்த மாதத்திலும் ஒட்டலாம், எங்கே அனுப்பினாலும் வெடிக்காது. நீங்கள் அதை ஒழுங்காகப் பயன்படுத்துவீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் ஒன்று. வெடித்த பலகைக்கு வைத்தியம் உண்டு, உங்களுக்கே நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அந்த மதியம் நான் செய்ததற்கு எந்த அறை கட்டினாலும் வைத்தியம் கிடையாது.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் வந்தாள். அப்பாவின் மூக்கு, அப்பாவின் நடை. உறையிலிருந்து யுகுலேலேயை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நான் எழுதியபடியே சரி செய்திருந்தாள். விரிசல் இருந்த இடம் ஒரு மயிரிழைபோலத்தான் தெரிந்தது. என்னாலும் அதைவிடச் சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

“பசை காஞ்ச அன்னிக்குத்தான் ஃபோன் வந்தது” என்றாள். “அத்தை பண்ணினா. ஆபரேஷன்னே எனக்கு அப்பத்தான் தெரியும்.”

நான் உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

“கடைசியா அப்பா இங்கதான் வந்துண்டு இருந்தார்னு பக்கத்தாத்துல சொன்னா. என்ன மாமா பண்ணிண்டிருந்தார் இங்க?”

அப்போது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஐப்பசியில் ஒட்டியது, குறிப்பு எழுதாதது, அவளுடைய ஃபோனுக்காக அவர் மூன்று நாள் அந்த பெஞ்சில் காத்திருந்தது, அவள் அனுப்பிய படம் என் கையில் இருந்தபோது அவர் பத்தடி தூரத்தில் இருந்தது, ‘தகவல் உண்டா?’ என்று கேட்டவரிடம் ‘இல்லை’ என்றது. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் ரொம்ப நேரம் விரிசலின்மேல் கட்டை விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அப்பாகிட்ட அந்தப் படத்தைக் காமிச்சிருக்கலாமே மாமா” என்றாள் கடைசியில். “சின்ன வயசுலேர்ந்து ஒரு டம்ளர் நசுங்கினாக்கூட ரெண்டு மணி நேரம் திட்டுவார். இதைப் பார்த்திருந்தா, ‘ஒரு சாமானை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியறதாடி உனக்கு’ன்னு திட்டறதுக்காவது ஃபோன் பண்ணியிருப்பார்.”